ஸ்பார்ட்டாத் தாயும் மன்னார் அக்காவும்

ஸ்பார்ட்டாவின் பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டபோது நான் ஹைமின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது. கேட்டவர் அதைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதேங்கோ ரீச்சர், எல்லாத்துக்கும் ஒரு முடிவு வரும்," என்றார். வெங்காயத்தால் வந்த கண்ணீர் என்று அவருக்குச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ஹைம் என்று நாங்கள் சொன்னது அகதிகளை வைத்திருந்த விடுதியை. ஹனோவருக்கு அருகே ஒரு சிறிய ஊர். முன்பு ஏதோ தொழிற்சாலையின் ஆட்கள் தங்கியிருந்த கட்டடம், மாடிக்கு ஒரு குசினி, அறைக்கு ஒரு குடும்பம். எல்லோரும் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்டவர்கள்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. காலையில் எழும்பி, சமைத்து, சாப்பிட்டு, ஜன்னலால் பார்த்து, மறுபடியும் சமைப்பதுதான் வாழ்க்கை. யாழ்ப்பாணத்தில் நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கிரேக்க, உரோம வரலாறு படிப்பித்தவள். அந்த ஹைமில் அது யாருக்கும் தேவைப்படவில்லை, அந்த மனிதர் வந்து கேட்கும்வரை.

அவரைப் பொறுப்பாளர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இயக்கத்துக்காக எங்கள் பகுதித் தமிழரிடையே வேலை செய்தவர். எங்களுக்கு முதலே வந்து, விசாவும் கிடைத்து, ஹனோவரில் இருந்தார். மெல்லிய குரல். யாரையும் அதட்டிக் கதைத்து நான் கேட்டதில்லை. அதட்டத் தேவையில்லாத ஆட்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம்.

"ஸ்பார்ட்டாவில தாய்மார் பிள்ளையளைச் சண்டைக்கு அனுப்பேக்க, வெண்டு கேடயத்தோட வா, இல்லாட்டிச் செத்துக் கேடயத்தில வா எண்டு சொல்லுவினமாம். நீங்கள் படிப்பிச்சிருப்பியள். அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ. எங்கட அம்மாமாருக்கு ஒரு தெம்பா இருக்கும்."

"ஆருக்குத் தெம்பு?" என்று கேட்டேன்.

"மன்னார் அக்காவுக்கு," என்றார்.

மன்னார் அக்கா எனக்கு அடுத்த அறையில் இருந்தவர். கத்தோலிக்கர். கணவர் மீன்பிடிக்கப் போன இடத்தில் கடலிலேயே சுடப்பட்டு இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாள் மூத்த மகன், பள்ளிக்கூடம் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தவன் திரும்பி வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று பிறகுதான் தெரியவந்தது. அவன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்து, பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் மற்ற இரண்டு பெண் பிள்ளைகளையாவது காப்பாற்றுவோம் என்று ஜெர்மனிக்கு வந்தார். மூத்தவளுக்குப் பதினான்கு வயது. இளையவள் அப்போதுதான் பால்பல் விழுந்து, பேசும்போது காற்றுப் போகிற வயது.

மகன் இறந்த செய்தியைக் கொண்டுவந்ததும் இதே பொறுப்பாளர்தான். இன்னும் சிலரோடு ஒரு பிற்பகலில் வந்தார். அக்கா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் சொன்னதும் கையில் மா ஒட்டியபடியே எழும்பி நின்றார். வாய் திறந்தது. சத்தம் வருவதற்கு முன்னே பொறுப்பாளர் அவர் தோளைத் தொட்டு, "அழக்கூடாது அம்மா. நீங்கள் வீரனைப் பெத்தனீங்கள். அழுதா அவனுக்குத்தான் அவமானம்," என்றார்.

அக்கா அழவில்லை. அழ விடவில்லை என்று சொல்வதுதான் சரி. அன்றிலிருந்து மாடிப் பெண்கள் வரிசையாக வந்து, "குடுத்து வைச்சனீங்கள் அக்கா," என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தி தன் மகனை இயக்கக்காரரின் கண்ணில் படாமல் இந்தியாவுக்குக் கடத்தி, அங்கிருந்து இங்கே கூட்டிவந்தவள். அவள் அக்காவின் கையைப் பிடித்து அப்படிச் சொன்னபோது எனக்குக் கையில் இருந்த கோப்பையைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. கோப்பை ஹைமுக்குச் சொந்தம்.

பேச ஒப்புக்கொண்டேன். ஏன் என்று என் கணவர் கேட்டார். வகுப்பில் நின்று பேசி இரண்டு வருடமாகிறது என்றேன். அதுவும் உண்மைதான். நான் படித்த ஒன்றை நாலுபேர் முன்னால் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஸ்பார்ட்டாவைப் பற்றி நல்லதும் சொல்ல இருந்தது. அந்தப் பெண் பிள்ளைகள் ஓடினார்கள், மல்யுத்தம் பிடித்தார்கள், ஈட்டி எறிந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக நிலம் இருந்தது. ஏதென்ஸில் பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைத்த காலத்தில் ஸ்பார்ட்டாப் பெண் தெருவில் நிமிர்ந்து நடந்தாள். யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடம் வரும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அதையும் சொல்லி, மற்றதையும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

அக்காவின் மகனுக்கான வீரவணக்கக் கூட்டம் ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தின் மண்டபத்தில். காலையிலிருந்து இரண்டு மாடிக் குசினியிலும் பெண்கள் சமைத்தோம். ஹனோவரிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வருகிற எல்லோருக்கும் சோறு, கோழிக்கறி, பருப்பு, சம்பல். ஆண்கள் மண்டபத்தில் கதிரை அடுக்கினார்கள். ஒருவர் வந்து, கறியில் உப்புப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் எங்களோடு நின்று தேங்காய்ப்பூவைப் பிழிந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "சும்மா இருந்தா விசராக்கிப்போடும்," என்றார். பின்நேரம் அவருக்கு ஒரு புது வெள்ளைச் சீலை கொண்டுவந்து கொடுத்து, உடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

மண்டபத்தில் மகனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அது பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம். பெரிதாக்கியதில் முகம் கலைந்து, மீசை அரும்பாத உதடு மட்டும் தெளிவாக இருந்தது. அக்காவை முன் வரிசையில் இருத்தி, இரண்டு பக்கமும் மகள்மாரை இருத்தினார்கள். அக்கா எழும்பி விளக்கேற்றினார். பிறகு பொறுப்பாளர் பேசினார்.

நன்றாகத்தான் பேசினார். கேட்டவர்கள் கண் துடைத்தார்கள். முடிக்கும்போது அக்காவின் பக்கம் கையை நீட்டி, "இந்தத் தாயிட்டை நான் போன நேரம், இவ எனக்குச் சொன்ன ஒரு வார்த்தையை உங்களுக்குச் சொல்ல வேணும்," என்றார். "ஒரு பிள்ளையைக் குடுத்திட்டன் தம்பி. மிச்சம் ரெண்டு கிடக்கு. நாட்டுக்குத் தேவையெண்டா அதுகளையும் தருவன். அப்பிடிச் சொன்னவ."

கைதட்டல் எழும்பி ஓயாமல் நீண்டது. மகனின் செய்தி வந்த அன்று நான் குசினி வாசலில் நின்றேன். அக்கா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மா ஒட்டிய கையோடு நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பக்கவாட்டில் அக்காவின் முகம் தெரிந்தது. அவர் பொறுப்பாளரைப் பார்க்கவில்லை. இளையவளைத் தூக்கி மடியில் வைத்தார். மூத்தவளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். பிடித்த இடம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கி.

அடுத்தது என் பெயர்.

எழுதி வைத்திருந்ததை நான் விரிக்கவே இல்லை. "ஸ்பார்ட்டாப் பெண்களைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டவை. சொல்லுறன்," என்று தொடங்கினேன்.

அங்கே ஒரு பிள்ளை பிறந்தால், அதை வளர்க்கலாமா வேண்டாமா என்று ஊரின் மூத்த ஆண்கள் பார்த்துத் தீர்மானித்தார்கள் என்று எழுதியிருக்கிறது, தாயைக் கேட்டார்கள் என்று எங்கேயும் இல்லை என்றேன். ஏழு வயதில் ஆண் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துப் படைக்குக் கொண்டுபோனார்கள் என்றேன். கல்யாணத்தன்று பெண்ணின் தலைமயிரை ஒட்ட வெட்டி, ஆண் உடுப்பை உடுத்தி, இருட்டறையில் படுக்க வைத்தார்கள் என்றேன். பின்னால் யாரோ செருமினார்கள். ஸ்பார்ட்டாப் பெண் சமைக்கவில்லை, நூல் நூற்கவில்லை, அது உண்மை, அவளுக்காக அதையெல்லாம் செய்ய அடிமைப்பட்ட பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அந்தப் பிள்ளைகளைக் கொல்வது ஸ்பார்ட்டாவில் குற்றமே இல்லை, அந்தத் தாய்மார் என்ன சொன்னார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்றேன்.

"லூக்ட்ரா எண்ட இடத்தில ஸ்பார்ட்டா தோத்தது," என்றேன். "செய்தி ஊருக்கு வந்த உடனை அதிகாரிகள் பெண்களுக்குக் கட்டளை போட்டவை. ஒப்பாரி வைக்கக்கூடாது. வாய் திறக்காமல் தாங்க வேணும். அடுத்தநாள், பிள்ளை செத்த வீட்டுக்காரர் சிரிச்ச முகத்தோட தெருவில திரிஞ்சவையாம். பிள்ளை தப்பின வீட்டுக்காரர் வெக்கப்பட்டு வெளியில வரேல்லையாம். இதைப் பெருமையா எழுதி வைச்சிருக்கினம். நான் கேக்கிறது, கட்டளை போட வேண்டி வந்தது ஏன்? அந்தத் தாய்மாருக்கு அழுகை வராட்டி அழாதேங்கோ எண்டு ஏன் சொல்ல வேணும்?"

பொறுப்பாளர் எழும்பி நின்றார். "ரீச்சர், நேரம் போகுது. அந்தக் கேடயக் கதையைச் சொல்லி முடியுங்கோ."

"முடிக்கிறன்," என்றேன். "கேடயத்தோட வா எண்டு ஒரு தாய் சொன்னவ எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். ஸ்பார்ட்டாத் தாய் ஒருத்தி தன்ர கையால அப்பிடி எழுதி வைச்சது ஒரு வரியும் இல்லை. அதுகளைச் சேர்த்து எழுதினவை ஆம்பிளையள். வேற ஊர் ஆம்பிளையள். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு. செத்த பிள்ளையின்ர தாய் என்ன சொன்னவ எண்டு அவவைக் கேக்காமலே எழுதலாம், மேடையில சொல்லவும் செய்யலாம். அதைத்தான் இப்ப நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

யாரோ ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கினார்கள். வகுப்பறையில் நான் என்ன ஒலிவாங்கி வைத்தா படிப்பித்தேன். தொடர்ந்து பேசினேன். அப்போது பொறுப்பாளர் சிரித்த முகத்தோடு, "ரீச்சருக்கு நன்றி சொல்லுவம்," என்று கைதட்டத் தொடங்கினார். மண்டபம் முழுக்கத் தட்டியது. கைதட்டி ஒருத்தியின் வாயை அடைக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். என் கணவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

தட்டல் ஓய்ந்தபோது மன்னார் அக்கா எழும்பி நின்றார். மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சனத்தின் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார்.

பொறுப்பாளர், "அம்மா, நீங்கள் இருங்கோ," என்றார்.

"இருக்க ஏலாது தம்பி. நான் அப்பிடிச் சொல்லேல்லை. என்ர மகன் எனக்குச் சொல்லாமல்தான் போனவன். சொல்லியிருந்தா விட்டிருக்கமாட்டன், காலைக் கட்டிக்கொண்டு கிடந்திருப்பன். அவன்ர உடம்பை எங்க தாட்டவை எண்டு பிறகு நான் உங்களைக் கேட்டனான். நீங்கள் இன்னும் சொல்லேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மிச்ச ரெண்டும் என்ர பிள்ளையள். ஒருத்தருக்கும் இல்லை."

பிறகு, பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன், "சமைச்சது கிடக்கு, எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்று சொல்லிவிட்டு இளையவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சனம் சாப்பிட்டது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வரிசையில் நின்று, தட்டேந்தி, இன்னொரு கரண்டி கறி கேட்டுச் சாப்பிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் மாடியில் பல பேர் என்னோடு கதைக்கவில்லை. அனுமதி எடுத்து ஹனோவர்த் தமிழ்க் கடைக்குப் போகிறவர்கள் எனக்கென்று மிளகாய்த்தூள் வாங்கி வருவதை நிறுத்தினார்கள். துரோகி என்று யாரும் நேரே சொல்லவில்லை. என் கணவரைத்தான் பிடித்துச் சொன்னார்கள். அவர் வந்து என்னிடம் ஒப்புவித்தார்.

"உங்கட மனிசியைக் கொஞ்சம் அடக்கி வையுங்கோ எண்டு சொன்னாங்கள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பல நாட்களுக்கு நான் அவருக்குச் சமைக்கவில்லை. அவர் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார். ஸ்பார்ட்டாவில் புருஷன்மார் படைமுகாமில் சாப்பிட்டதில் ஒரு வசதி இருந்திருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

கூட்டம் நடந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அக்கா பாதிரியாரிடம் போய், மகனுக்கு ஒரு பூசை வைக்கச் சொல்லிக் கேட்டார். ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சொல்ல நான் கூடப் போனேன். பாதிரியார் மகனின் பெயரை எழுதித் தரச் சொல்லி, அதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பழகினார். பூசைக்கு எங்கள் ஆட்களில் நானும் குசினியில் என்னோடு நின்ற இரண்டு பெண்களும் மட்டும் வந்தோம். மற்றவர்கள் ஊர்ச் சனம், கோட்டுப் போட்ட வயதானவர்கள். பாதிரியார் அந்தப் பெயரைப் பிழையாக, ஆனால் கவனமாகச் சொன்னபோது அக்கா குரலெடுத்து அழுதார். மகனே, என்ர ராசா, உன்னை ஆர் குளிப்பாட்டினது, ஆர் கண்ணை மூடினது என்று கேட்டுக் கேட்டு அழுதார். ஜெர்மன் தேவாலயத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டிருக்காது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பாதிரியார் நிறுத்தவில்லை, காத்திருந்தார். செய்தி வந்து அத்தனை நாளுக்குப் பிறகு அந்தத் தாய் அழுவதற்கு, எங்கள் மொழி தெரியாத ஆட்கள் இருந்த ஒரு கட்டடம்தான் இடம் கொடுத்தது. எங்கள் ஆட்களை நான் மன்னிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பொய் அதோடு முடிந்தது என்று நினைத்தோம். சில மாதம் கழித்து வேறு மாநிலத்திலிருந்து ஹைமுக்கு வந்த ஒரு பெண், தங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டதாகச் சொன்னாள். மன்னாரில் ஒரு தாயாம், ஒன்றைக் கொடுத்துவிட்டேன், மிச்ச இரண்டையும் தருவேன் என்றாராம். அவள் அதைச் சொல்லும்போது அந்தத் தாய் பக்கத்து அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்க, அக்கா கண்ணால் வேண்டாம் என்றார்.

அவருக்கு அப்போது வேறு பயம் வந்துவிட்டது. மூத்த மகள். கூட்டத்தன்றிலிருந்து அவள் தாயோடு ஒழுங்காகக் கதைப்பதில்லை. வார இறுதிகளில் பொறுப்பாளரின் ஆட்கள் வந்து பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் பழக்கினார்கள். அவள் தவறாமல் போனாள். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"அண்ணாவை எல்லாரும் மதிக்கினம். நீங்கள்தான் அண்டைக்குச் சபையில என்னை வெக்கப்படுத்தினனீங்கள்."

அறைந்த சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல், "எனக்கு உன்ர படத்துக்கு மாலை போட ஏலாது. விளங்குதே? எனக்கு ஏலாது."

கனடாவில் இருந்த அக்காவின் தம்பி அவர்களைக் கூப்பிட முயன்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் அக்கா ஓய்ந்திருக்கவில்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக, டெர்மின் என்று அவர்கள் குறித்துத் தரும் நேரத்துக்கெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். அடுத்த வருடம் கடுதாசிகள் சரிவந்தன. நான் ரயில் நிலையத்துக்குப் போனேன்.

இளையவள் பெட்டியின் மேல் ஏறி இருந்தாள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "கோபத்தைக் கொஞ்சம் குறையுங்கோ ரீச்சர், உடம்புக்கு ஆகாது," என்றார். மூத்தவள் தள்ளி நின்றாள். நான் அவளிடம் போய், "போயிட்டு வா பிள்ளை," என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கள் அண்டைக்குக் கிரேக்கத்தைப் பற்றிச் சொன்னனீங்கள். பொறுப்பாளர் நாட்டைப் பற்றிச் சொன்னவர். அண்ணா எப்பிடி இருந்தவர் எண்டு நீங்கள் ரெண்டு பேரும் சொல்லேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால் அவள்மேல் கோபிக்கவும் முடியவில்லை.

"எப்பிடி இருந்தவர்?" என்று கேட்டேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். அண்ணாவுக்குத் தவளைக்குப் பயம். கடற்கரைப் பிள்ளையாக இருந்தும் ஆழத்துக்குப் போகமாட்டார். சோற்றில் எலும்பு இல்லாத மீன் துண்டைத் தேடித் தங்கைக்கு வைப்பார். கணக்கில் வாங்கிய குறைந்த புள்ளிக்கு அம்மாவுக்குத் தெரியாமல் இவளைக்கொண்டு கையெழுத்துப் போடுவிப்பார், அம்மாவின் கையெழுத்து இவளுக்கு நன்றாக வரும். சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. மேடைக்குப் பழக்கின குரல் அல்ல அது. ரயில் வந்தபோது அவள் முடித்திருக்கவில்லை. அக்கா கூப்பிட்டார். அவள் ஏறி, ஜன்னலைக் கீழே இறக்கி, அண்ணா இரவில் இருமினால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.